நீலப் பென்டிரைவ்

ஜூலியா வீட்டு லேப்டாப் செத்துப்போனதும் பழி நேராக மைக்கேல்ராஜ் தலையில்தான் வந்து விழுந்தது. டப்ளினில் இருக்கும் மகள் நிக்கோல் போனில் கேட்ட முதல் கேள்வியே, "அப்பா எதையாச்சும் தொட்டாரா?" என்பதுதான்.

"தொடல," என்றார் மைக்கேல்ராஜ், சோபாவின் மறுகோடியிலிருந்து.

"தொடலன்னு சொல்றாரு," என்றாள் ஜூலியா போனில். சொன்ன தோரணையிலேயே அவளும் நம்பவில்லை என்பது தெரிந்தது.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. மைக்கேல்ராஜ் ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையின் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்தவர். வீட்டில் ஓடுகிற எந்தச் சாமானையும் ஒருமுறை கழற்றிப் பார்க்காமல் அவருக்கு மனசு ஆறாது. மிக்ஸி, சீலிங் ஃபேன், நிக்கோல் வாங்கி அனுப்பிய ரொட்டி சுடும் மெஷின் என்று எல்லாமே அவர் கையில் பிரிந்து கிடந்தவைதான். பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும். ரொட்டி மெஷின் மட்டும் சேரவில்லை. அதனால், லேப்டாப் வாங்கிக் கொடுத்தபோது, "அம்மா யூஸ் பண்ணட்டும். நீங்க எதையும் தொடாதீங்கப்பா, பாத்தா போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் நிக்கோல் விமானம் ஏறினாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரன் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, இந்தப் பழைய பெட்டிக்குப் புதிதாக ஒன்று போடுவது வீண் என்றான். "தொட்டதால போகலியாம். வயசாகித்தான் போச்சாம்," என்று மைக்கேல்ராஜ் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் லாவண்யாதான் வழி சொன்னாள். தருமபுரிப் பெண். ஐடி கம்பெனியில் வேலை. ஜோகுபாளையத்துக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜூலியா வைக்கும் மீன்குழம்புக்குப் பாதி உரிமை அவளுக்கு வந்திருந்தது.

"டிஸ்க் இல்லாட்டி என்ன ஆன்ட்டி? சிஸ்டத்தையே பென்டிரைவ்ல போட்டுத் தரேன். சொருகுனா ஓடும். எடுத்துட்டுப் போய் வேற கம்ப்யூட்டர்ல சொருகுனா அங்கயும் ஓடும். உங்க வீட்டையே பாக்கெட்ல போட்டுட்டுப் போற மாதிரி."

"இனிமே நான் டைப் பண்ணி வெக்கறதெல்லாம்?"

"அதுவும் அதுக்குள்ளயே இருக்கும்."

ஜூலியாவுக்கு அதுதான் முக்கியம். ஆலயத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டு மலர் அவள் பொறுப்பு. கட்டுரை, கவிதை, ஜெபக் குறிப்பு என்று கையெழுத்தில் வருவதையெல்லாம் தமிழில் தட்டி ஒழுங்குபடுத்தித் தர வேண்டும்.

இரண்டு பென்டிரைவ் வந்தன. சிவப்பு ஜூலியாவுக்கு, நீலம் மைக்கேல்ராஜுக்கு.

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள் ஜூலியா.

"ஏன், நான் நியூஸ் பாக்கக் கூடாதா?"

நீலத்தை வாங்கிவர அவரே மாடிப்படி ஏறிப் போனார். வெகுநேரம் வரவில்லை. மேலே லாவண்யா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து கேட் சாவி மாட்டும் ஆணியில் இரண்டும் சேர்ந்து தொங்கின. காலையில் மைக்கேல்ராஜ் அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்து நீலத்தைச் சொருகுவார். மதியம் ஜூலியா சிவப்பைச் சொருகுவாள். ஒரே பெட்டிதான். ஆனால் சொருகுவதைப் பொறுத்து அது அவருடையதாகவோ இவளுடையதாகவோ ஆகிவிடும். சிவப்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நேற்று எந்த வரியில் நிறுத்தினாளோ அதைச் சமர்த்தாக எடுத்துக் கொடுத்தது.

நீலத்தின் சங்கதிதான் பிடிபடவில்லை.

மைக்கேல்ராஜ் நாற்காலியைச் சுவரோரம் இழுத்து, திரை யாருக்கும் தெரியாதபடி உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "ஹோய்த்து... ஹோய்த்து!" என்பார். மெஷினோடு பேசும்போது அவருக்குக் கன்னடம்தான் வரும், தொழிற்சாலைப் பழக்கம். போச்சு, போச்சு என்கிறாரே, என்ன போயிற்று? போனதென்றால் குரலில் வருத்தம் இருக்க வேண்டாமா? லாட்டரி விழுந்தவர் குரலாக அல்லவா இருக்கிறது! அடுத்த நிமிஷம் லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போடுவார். ஒரு காலைப் பொழுதுக்குள் இதே கூத்து மூன்று நான்கு முறை நடக்கும்.

ஒருநாள் காப்பியோடு பக்கத்தில் போனாள். அவர் விரல் பவர் பட்டனுக்கு ஓடியது. திரை கறுத்தது.

"என்ன பண்றீங்க?"

"சும்மா. நியூஸ்."

"நியூஸ்ல என்ன போச்சு?"

"விக்கெட்டு," என்றார் மைக்கேல்ராஜ்.

அன்றைக்கு எந்த ஊரிலும் மேட்ச் இல்லை. ஜூலியா டிவியில் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

சந்தேகம் என்று அதைச் சொல்ல முடியாது. மைக்கேல்ராஜ் சந்தேகப்பட வேண்டிய ஆள் இல்லை. இது வேறு அரிப்பு. அலமாரித் தட்டில் விரித்த பழைய செய்தித்தாளை மாற்றப்போனால், அதை முழுக்கப் படித்து முடித்த பிறகே கையை எடுக்கும் ரகம் ஜூலியா. அவள் வீட்டுக்குள்ளேயே, அவள் வாங்கிய மேஜை மேலேயே, அவளுக்குத் தெரியாத ஒன்று தினமும் காலையில் நடந்துகொண்டிருந்தது.

அவர் அல்சூர் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போன ஒரு காலையில் நீலத்தை ஆணியிலிருந்து எடுத்துச் சொருகினாள்.

திறந்ததும் அது, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. சிவப்பு ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அடுத்து, வரவேற்கிறோம் என்றது. உள்ளே ஒரு மலைப் படம். வேறு ஒன்றும் இல்லை. ஒரு ஃபைல் இல்லை, ஒரு போட்டோ இல்லை. எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்ற தடயமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மைக்கேல்ராஜ் எந்தப் பொருளையும் இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

பேசாமல் மூடியிருக்கலாம். மூட மனம் வரவில்லை. ஆங்கில எழுத்திலேயே, "என்ன பண்றீங்க? - ஜூலி" என்று தட்டி, அந்த மலைப் படத்தின் நட்டநடுவில் தெரியும்படி சேமித்துவிட்டு அணைத்தாள். கண்டுபிடித்துவிட்டேன் பார் என்று சொன்ன மாதிரியும் ஆச்சு, கேட்ட மாதிரியும் ஆச்சு.

மறுநாள் காலை மைக்கேல்ராஜ் வழக்கம்போல உட்கார்ந்தார். ஜூலியா அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "ஹோய்த்து" வந்தது. அவளுக்குப் பதில் வரவில்லை. எழுந்து வந்து இட்லி சாப்பிட்டார். சட்னியில் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் நீலத்தைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதியது இல்லை. மலை மட்டும் இருந்தது.

ஆக, படித்திருக்கிறார். படித்து, அழித்துவிட்டு, வந்து இட்லியும் தின்றிருக்கிறார்! ஜூலியாவுக்குக் காது சூடாகியது. "பதில் சொல்லத் தைரியம் இல்லையா?" என்று எழுதி வைத்தாள். அதுவும் மறுநாள் காணாமல் போனது. அவர் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

அதற்குப் பிறகு காப்பி டம்ளர் மேஜையில் கொஞ்சம் ஓங்கியே இறங்கியது. கேட்ட கேள்விக்குச் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"என்ன ஜூலி, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றார் மைக்கேல்ராஜ்.

"நடிப்பு," என்றாள் அவள் சுவரிடம்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தைலம் எடுத்து வரட்டுமா என்று கேட்டார்.

லாவண்யா வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள் ஒன்று வந்தது. ஜூலியா ஒரு கிண்ணம் குழம்போடு மாடி ஏறினாள். சுற்றி வளைத்துப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் போனாள். முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

லாவண்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ ஆன்ட்டி! அங்கிள் அதைப் பாத்திருக்கவே மாட்டாருங்க. அந்த நீலத்துல எதை வெச்சாலும் நிக்காது. ஆஃப் பண்ணா எல்லாம் மறந்துரும். அடுத்த தடவ போட்டா மொத மொதலா கண்ணத் தொறக்கற மாதிரிதான் தொறக்கும். உங்க சிவப்புல சேத்து வெக்கறதுக்குன்னு தனியா எடம் ஒதுக்கியிருக்கேன். நீலத்துல அது இல்ல."

"ஏன், அவருக்கு மட்டும் ஏன் ஒதுக்கல?"

"அவருதாங்க வேணாம்னாரு. 'எத்தனை தடவ தொறந்தாலும் புதுசாவே இருக்கணும்மா, அப்பிடி ஒண்ணு குடு'ன்னாரு."

"எதுக்காம்?"

"நானும் கேட்டேன். சிரிச்சிட்டே எறங்கிப் போயிட்டாரு."

ஜூலியா படியிறங்கி வரும்போது பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. மனுஷன் தன்பாட்டில் இட்லி தின்றிருக்கிறார். இவள் ஒரு வெற்றிடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசிப் படிக்கு வருவதற்குள் அந்தப் பாவம் கரைந்து பழைய அரிப்பே இரண்டு மடங்காகத் திரும்பிவிட்டது. செய்ததெல்லாம் மறந்துபோக வேண்டும் என்று ஒருவர் கேட்டு வாங்குகிறார் என்றால், அப்படி என்னதான் செய்கிறார்?

மறுநாள் காப்பி எடுக்காமல், செருப்பில்லாமல் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

திரை விசித்திரமாக இருந்தது. கீழே இருக்கும் பட்டையைக் காணோம். படங்களைக் காணோம். மலை இருந்த இடம் வெறும் கறுப்பாகக் கிடந்தது. அதன் நடுவே ஒரு சின்னச் சன்னல், அதில் வெள்ளை எழுத்து. மைக்கேல்ராஜ் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸியைப் பிரித்துப் போட்டு அதன் எதிரில் அவர் உட்கார்ந்திருந்ததும் இதே மாதிரிதான்.

நிழல் பட்டுத் திரும்பினார். விரல் பட்டனுக்குப் போயிற்று.

"அணைக்காதீங்க," என்றாள் ஜூலியா. "நான் பாக்கணும்."

விரல் நின்றது. "திட்டுவ."

"திட்டல. என்ன பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒடைக்கிறேன்," என்றார்.

"எதை?"

"இதைத்தான். உள்ள இருக்கற சிஸ்டத்தை."

ஜூலியா பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"ஃபேக்டரில ஒரு புது மெஷின் வந்து எறங்குனா கை துடிக்கும் ஜூலி. தொட விடமாட்டாங்க. ஓடுற மெஷினை நிறுத்துனா புரொடக்ஷன் போச்சே! கெட்டாத்தான் எங்களைக் கூப்புடுவாங்க. சர்வீஸ் முழுக்கக் கெட்டுப்போனதைத்தான் பாத்தேன். நல்லா ஓடறப்ப எது எதைப் புடிச்சிட்டு நிக்குதுன்னு பாக்க முடிஞ்சதே இல்ல. இதுல பாரு, ஓடறப்பவே ஒரு துண்டை உருவலாம். எது விழுது, எது விழலன்னு பாக்கலாம். அணைச்சுப் போட்டா மறுபடி முழுசா எழுந்து நிக்கும். எவ்வளவு ஒடைச்சாலும் ஒடையாது."

"இதுக்குப் போய் எதுக்கு ஒளிச்சீங்க?"

"தொட்டாரான்னு கேப்பாளே நிக்கோல்." கொஞ்சம் நிறுத்தி, "நீயும்தான் நம்பல," என்றார்.

ஜூலியா திரையைப் பார்த்தாள். பிறகு, "இப்ப எதை உருவுனீங்க?" என்று கேட்டாள்.

"கீழ இருந்த பட்டையை. அது போனா கூடவே மலைப் படமும் போகுது. ஏன்னு புரியல. ரெண்டையும் ஒரே ஆள் பாத்துக்கிறான் போல."

"அணைச்சுப் போடுங்க. இன்னொண்ணு உருவலாம்."

மைக்கேல்ராஜ் அவள் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்துக்கொண்டார். அணைத்துப் போட்டார். மொழி கேட்டது, வரவேற்றது, மலை வந்தது. "நீ சொல்லு. எதை?"

அவள் ஒரு தமிழ்ச் செய்தித்தாளின் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். "இதோ, தமிழ் தெரியுதுல்ல? இந்த 'அ', இந்த 'ழ', இதுக்கெல்லாம் உருவம் இருக்கே, அது எங்கயாச்சும் இருக்கணுமே. அது எங்க?"

மைக்கேல்ராஜுக்கு இது தோன்றியதே இல்லை. பட்டை, படம், பெட்டி என்று சாமான்களையே உருவிக்கொண்டிருந்தவர் அவர். எழுத்தும் ஒரு சாமான் என்பது ஜூலியாவுக்குத்தான் தோன்றியது. இருவரும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேடினார்கள். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் அகப்பட்டது. ஊர்ப்பட்ட பாஷைகளின் எழுத்தெல்லாம் வரிசையாகக் குடியிருந்தன. மைக்கேல்ராஜ் கறுப்புச் சன்னலில் தமிழ் எழுத்தை உருவும் கட்டளையைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"என்டர் நீ அழுத்து."

"நானா?"

"ஒண்ணும் ஆகாது. அழுத்து."

அழுத்தினாள். செய்தித்தாளை மூடித் திறந்தார்கள். பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாக இருந்தது. தலைப்பு பெரிய கட்டங்கள், செய்தி சின்னக் கட்டங்கள். அமைச்சர் படம் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

"ஹோய்த்து!" என்றாள் ஜூலியா. வாய்விட்டுச் சிரித்தாள். "பாருங்க பாருங்க, வார்த்தைக்கு நடுவுல இடம் மட்டும் விட்டிருக்கு. என்ன வார்த்தைன்னு தெரியாது, எங்க முடியுதுன்னு தெரியுது!"

அன்றிலிருந்து ஸ்டூல் அங்கேயே கிடந்தது. சத்தத்தை உருவினார்கள், வீடியோவில் பாடகர்கள் வாயை மட்டும் திறந்து மூடினார்கள். சிலதை உருவினால் எல்லாம் ஒரேயடியாக உறைந்துபோகும். சிலதை உருவினால் ஒன்றுமே ஆகாது. மைக்கேல்ராஜுக்கு அதில் ஏமாற்றம். ஜூலியாவுக்கு அதில்தான் ருசி. "நம்ம செய்யாத வேலை எதுக்கோ அது காத்துட்டிருக்கு. எதுக்குன்னு தெரியணும்," என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு மதியம் சங்கத்துச் செயலாளர் பெட்டி அக்கா போன் செய்தார். மலர் ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸுக்குப் போக வேண்டும், முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்த மாதிரிதான் என்றாள் ஜூலியா. சொல்லிவிட்டு மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தவளுக்கு ஒரு யோசனை ஓடியது. தமிழ் மாதிரியே கன்னடத்துக்கும் தனி எழுத்து இருக்கிறதே, தமிழை மட்டும் எடுத்தால் கன்னடம் கொஞ்சமாவது கைகொடுக்குமா? கை தானாகவே கறுப்புச் சன்னலைத் திறந்தது. தட்டினாள். அழுத்தினாள். கட்டம் வந்தது. கன்னடம் உதவிக்கு வரவில்லை. சரி என்று அணைத்துப் போட்டாள்.

மொழி கேட்கவில்லை. வரவேற்கவில்லை.

லேப்டாப்பின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தாள். சொருகியிருந்தது சிவப்பு.

மலரைத் திறந்தாள். தலையங்கம் கட்டம். ஆண்டறிக்கை கட்டம். நான்கு கவிதைகளும் கட்டம். "என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மைக்கேல்ராஜ் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் திரையைக் குனிந்து பார்த்தார். அவர் கண் மின்னியதை ஜூலியா பார்த்துவிட்டாள்.

"இது நெஜமாவே ஒடைஞ்சிருக்கு," என்றார் மெதுவாக.

"சிரிச்சீங்கன்னா பாருங்க!"

"சிரிக்கல, சிரிக்கல."

"லாவண்யா ஆபீஸ்ல இருப்பா. போன் பண்றேன்."

"ஒரு நிமிஷம் இரு." நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீதானே சொன்ன, எழுத்தோட உருவம் வேற எடத்துல இருக்குன்னு? அந்த உருவம்தான் போச்சு. நீ தட்டுன வார்த்தை போகல. வரிக்கு வரி கட்டம் இருக்கு பாரு. உருவத்தைக் கொண்டாந்து வெச்சா பேசும்."

"எங்கேருந்து கொண்டாறது?"

கேட்ட வாய் மூடுவதற்குள் அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. எழுந்து போய் நீலத்தை எடுத்து வந்தாள். அதைச் சொருகித் திறந்தார்கள். தமிழ் எழுத்து தன் இடத்தில் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. அதை ஜூலியாவின் போனுக்கு வயர் போட்டு ஏற்றினார்கள். பிறகு அணைத்து, சிவப்பைச் சொருகி, போனிலிருந்து இறக்கினார்கள். அனுமதி இல்லை என்றது. கறுப்புச் சன்னல் வழியாகப் போய் அனுமதி வாங்கினார் மைக்கேல்ராஜ். வைத்தாயிற்று. மலரைத் திறந்தால் கட்டமேதான்.

ஜூலியாவுக்கு அழுகை வந்தது. மைக்கேல்ராஜ் நெற்றியைச் சொறிந்தார். "புது ஆள் வந்திருக்கான்னு அதுக்குத் தெரியலியோ என்னமோ. ஒருதரம் தூங்கி எழுந்துக்கட்டும்," என்று அணைத்துப் போட்டார்.

இந்த முறை மலரைத் திறக்க ஜூலியாவுக்குக் கை வரவில்லை. அவரே திறந்தார்.

"கர்த்தருக்குள் அன்பான சகோதரிகளே" என்றது முதல் வரி.

ஜூலியா தலையங்கத்தை முழுக்க வாய்விட்டுப் படித்தாள், ஒவ்வொரு எழுத்தும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மைக்கேல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவருக்கு அந்தத் தலையங்கம் அதற்கு முன் ஒரு தரமும் காதில் விழுந்ததில்லை. நன்றாக இருக்கிறது என்றார். அன்று சாயங்காலமே அவள் மலரை இன்னொரு பென்டிரைவில் ஏற்றி, பெட்டி அக்கா வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏரியிலிருந்து அவர் திரும்பியபோது ஜூலியா முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். சொருகியிருந்தது நீலம்தான் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூலையில கடிகாரம் இருக்கே," என்றாள். "அதை எடுத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"நேரம் இல்லாம எப்படி ஓடும்? எல்லாம் நின்னுடும், பாருங்க."

எடுத்தார்கள். மூலை காலியானது. வேறு எதுவும் நிற்கவில்லை. பக்கம் திறந்தது, பாட்டு பாடியது. மைக்கேல்ராஜ் ஜெயித்த முகத்தோடு பார்த்தார். ஜூலியா விடவில்லை.

"சரி, நேரமே போயிடுச்சா, இல்ல காட்டறது மட்டும் போச்சா?"

மைக்கேல்ராஜ் மோவாயைத் தடவினார். "அதை எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

இருவரும் வெகுநேரம் மாற்றி மாற்றி ஏதேதோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் ஜூலியாதான், "எதையாச்சும் எழுதி சேமிப்போம். எப்ப எழுதுனதுன்னு அது பக்கத்துல போடுமே," என்றாள். "அரிசி" என்று ஒரு வார்த்தை தட்டிச் சேமித்தாள். வேறு எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. திறந்து பார்த்தார்கள். பக்கத்தில் நேரம் இருந்தது. உள்ளே அது தன்பாட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மணி இரண்டு ஆகப்போகிறது என்றது. அடுப்பில் இன்னும் உலையே வைக்கவில்லை.